கம்பளக் கடைக் கச்சேரி

என் அண்ணன் பாடுகிறான் என்று நான் கண்டுபிடித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பாத்திரங்களைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் கச்சேரியின் பதிவைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு ஓடியது. பாடகர் ஒரு வரி பாடினார். அவருக்கு அடியில், கொஞ்சம் பின்தங்கி, இன்னொரு குரலும் அதே வரியைப் பாடியது. சுருதி இறங்கித்தான் இருந்தது. ஆனால் பாடுகிற ஆளுக்கு அதைப் பற்றித் துளியும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

கேட்க வந்தவர்களில் யாரோ ஆர்வக்கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு மைக்காக மூடியும் திறந்தும் தேடினேன். மூன்றாவது மைக்கில் ஆள் கையும் களவுமாக அகப்பட்டான். அது பேஸ் கிதாருக்கு முன்னால் நான் வைத்த மைக். அந்தத் தொண்டையை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அது பாடிக் கேட்டுத்தான் ஒரு யுகம் ஆகியிருந்தது.

ஒலிப்பதிவு என் தொழில். வீட்டின் பின்னறைதான் ஸ்டுடியோ. விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர்களும் புத்தகம் வாசித்துப் பதிபவர்களும் அந்த அறைக்கு வந்து போவார்கள். எனக்குப் பாம்புச் செவி என்பார்கள். பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் உறுமலை மாற்றினாலும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்ட காதுக்கு, சொந்த வீட்டில் இரண்டு பெரிய விஷயங்கள் இத்தனை வருஷம் எட்டவில்லை. ஒன்று இந்தப் பாட்டு. இன்னொன்று பிறகு வருகிறது.

பேண்டின் பெயர் ‘பக்கத்து வீட்டுப் புகார்’. நாலே பேர். இளவட்டங்களாக இருந்தபோது முதன்முதலில் கூடி வாசித்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் புகார் சொன்னார்; அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இவர்கள் வாசித்தால் ஜன்னல் கண்ணாடிகளும் சேர்ந்து தாளம் போடும். பாடகர் ஒரு பல் டாக்டர். கிதார் வாசிப்பவர் கம்பளக் கடை நடத்துகிறார். கடையின் பெயரே அவர் பெயராகி எல்லோருக்கும் அவர் ‘கம்பளம்’. ட்ரம்ஸ் என் வீட்டுக்காரர், லிப்ட் மெக்கானிக். பேஸ் கிதார் என் அண்ணன். ஆட்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் பிழைப்பு. பக்கத்து சீட்டில் தேமே என்று உட்கார்ந்திருந்து, அவசியம் வந்தால் மட்டும் தன் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதிக்க வேண்டும். பேண்டிலும் தனக்கு அதே உத்தியோகம்தான் என்று சொல்லிக்கொள்வான்.

ஆரம்பத்தில் அவனுக்கும் ஒரு மைக் இருந்தது. இரண்டாம் குரல் பாடுவதற்காக. முதல் மேடையில் மூன்றாவது பாட்டு நடக்கும்போது, டாக்டர் பாடிக்கொண்டே அவன் பக்கம் நடந்து வந்தார், பாடிக்கொண்டே அந்த மைக்கைத் தாங்கியோடு தூக்கினார், மேடையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினார். பாட்டு நிற்கவே இல்லை. அண்ணன் சிரித்தான். அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அன்றைக்கு மூடின வாய்தான், குளியலறையில்கூட ஒரு முணுமுணுப்பு கிடையாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மின்சார வாத்தியம் எதுவும் இல்லாமல், மெதுவாக, ஆட்களை எதிரே உட்காரவைத்து வாசித்து அதை ஆல்பமாகப் போடலாம் என்ற யோசனை டாக்டருடையது. “என் குரல் நல்ல குரல். அது எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்,” என்றார். “உங்க இரைச்சல்ல எவன் கேட்டான்? சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது ஜனங்க என்னைக் கேக்கணும்.” சும்மா சொல்லக் கூடாது, அவர் குரல் நல்ல குரல்தான். அதனால் எல்லோரும் சரி என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசி ஆளாகச் சரி என்றார்.

இடம் கம்பளத்தின் கடை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நான்கு சுவரிலும் சுருட்டிய கம்பளங்கள் கூரை வரைக்கும் நிற்கும். அந்த இடத்தில் எதிரொலி என்ற பேச்சே கிடையாது. தும்மினால் தும்மல் அங்கேயே முடிந்துவிடும். பதிவு செய்ய இதைவிட நல்ல அறை காசு கொடுத்தாலும் அமையாது. வந்தவர்கள் விலைச்சீட்டு தொங்கும் விரிப்புகளின் மேல் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். கம்பளம் வாசலிலேயே நின்று எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்தார். நடுவில் நாலு பேரும் பிறைபோல வளைந்து, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ட்ரம்ஸ் இல்லை. ஒரு மரப்பெட்டி. அதன் மேலேயே உட்கார்ந்து அதையே கையால் தட்ட வேண்டும். அண்ணனின் மரக்கிதார் பூனை நடக்கிற அளவுதான் சத்தம் போடும் என்பதால் அதற்கு வெகு கிட்டத்தில் நல்ல நுண்ணிய மைக் ஒன்றை வைத்தேன். அந்த மைக்கின் சத்தம் பதிவுக்கு மட்டும்தான் போனது. கடைக்குள் இருந்த ஸ்பீக்கருக்கு நான் அதை அனுப்பவில்லை. அதனால்தான் கச்சேரி நடந்தபோது ஹெட்போன்கூட மாட்டாமல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், குட்டு வெளிப்பட மறுநாள் ஆயிற்று.

அன்று பகல் முழுக்க அவனை எடுத்துவிடப் போராடினேன். அவன் மைக்கை மூடினால் டாக்டரின் மைக்கில் இருந்தான். கம்பளத்தின் மைக்கில் இருந்தான். மரப்பெட்டியின் மைக்கில்கூட இருந்தான். அவ்வளவு நெருக்கமாக உட்காரவைத்தது என் புத்திசாலித்தனம். ஒரு பாட்டில் மட்டும் இல்லை, எல்லாப் பாட்டிலும், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் பாடியிருந்தான். சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு பாடினான் என்பதுகூடக் குரலிலேயே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், இதை அவனிடம் யார் சொல்வது என்று யோசித்தபடி டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஓடி வந்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. ஹெட்போனை வாங்கி மாட்டியவர் முகத்தில் முதலில் பரம திருப்தி. தன் குரலைத் தானே ரசிக்கிறார். பிறகு புருவம் சுருங்கியது. பிறகு ஈயாடவில்லை.

“யாரு இது?”

“அண்ணன்தான் டாக்டர்.”

“பாடறானா?”

“அப்படித்தான் அவன் நெனச்சுக்கிட்டிருக்கான்.”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அதைவிட மோசமாக, அழுதுவிடுவார்போல் இருந்தார். “வாழ்க்கையில ஒரே ஒரு ரெக்கார்டும்மா. அதுலயும் இவன் எனக்குத் துணைக்கு வந்துட்டானா?” என்றார். பிறகு எழுந்து, “வர்ற ஞாயித்துக்கெழமை மறுபடி வெச்சுக்கலாம். கம்பளத்துக்கிட்ட நான் பேசறேன். அவன்கிட்ட நீ பேசு. தங்கச்சி சொன்னா தாங்கிக்குவான். வாயை மூடிக்கிட்டு வாசிக்கட்டும், அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு, திறந்த வாயோடு காத்திருக்கும் யாரையோ நினைத்து ஓடினார்.

அண்ணனை அவன் காரிலேயே போய்ப் பார்த்தேன். கூரை மேல் பயிற்சி வண்டி என்று பலகை வைத்த கார். ஒரு மாணவி இறங்கிப் போக, அடுத்த ஆள் வருவதற்கு இடைவெளி இருந்தது. நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் அவன் என் காலைப் பார்த்து, “பெல்ட்டப் போடு குட்டி,” என்றான். கார் நின்றுகொண்டுதான் இருந்தது. போட்டுக்கொண்டேன்.

வார்த்தையால் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஹெட்போனை நீட்டினேன். மாட்டிக்கொண்டான். வேறு எதையும் கூட்டாமல் மூன்றாவது மைக்கை மட்டும் ஓடவிட்டேன்.

அவன் அசையவில்லை. காது மட்டும் மெல்ல மெல்லச் சிவந்தது. சின்ன வயதில் அப்பா திட்டினாலும் அவனுக்கு அழுகை வராது, காதுதான் சிவக்கும். பாட்டு முடியும் வரைக்கும் கேட்டான். பாதியில் கழற்றிவிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எப்பவுமே பாடுவியாண்ணா?”

“ம்.”

“எல்லாக் கச்சேரியிலயுமா?”

“அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுதுன்னு நெனச்சேன்,” என்றான். “வாசிச்சா வாய் தானா வந்துடும். நேத்து சத்தமே இல்லங்கறத மறந்தே போயிட்டேன்.”

இத்தனை பெரிய இரைச்சலைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு அதற்கடியில் இவ்வளவு காலம் ஒரு மனிதன் பாடியிருக்கிறான். போர்வையை உருவியது நாங்கள். மறந்துபோனது அவன். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பெல்ட் விடவில்லை.

“டாக்டருக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிருக்குமே,” என்றான். “வர்ற ஞாயிறு ஒழுங்கா வாயை மூடிட்டு வாசிச்சுக் குடுத்துடறேன். அதோட நான் நிறுத்திக்கறேன் குட்டி. வேற ஆள் பாத்துக்கச் சொல்லு.”

“எதுக்கு நிறுத்தணும்? வாயைத்தானே மூடச் சொன்னாங்க?”

“வாசிக்கறது கையின்னு நீங்க நெனைக்கறீங்க,” என்றான். அவ்வளவுதான். அதற்குள் அடுத்த மாணவர் கண்ணாடியைத் தட்டினார். அண்ணன் அவருக்காகச் சிரித்த முகத்தைப் பார்த்தபோது, அந்த முதல் மேடையில் பார்த்த சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்பைத் துடைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பதில் இல்லை. எங்கள் வீட்டில் இது புதிதில்லை. பெண்டாட்டி பேசும்போது மட்டும் காது அடைத்துக்கொள்கிற வியாதி எல்லாப் புருஷனுக்கும் உண்டு என்று நானும் விட்டுவிட்டிருந்தேன். கரண்டியைத் தட்டியதும் நிமிர்ந்தார்.

“என்ன சொன்ன? இங்க பாத்துச் சொல்லு.”

மறுபடியும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். சோற்றில் கை அப்படியே நின்றது.

“விலகறேன்னானா?”

“ஆமா.”

“வாயை மூடிக்கிட்டு வாசிப்பானாமா?”

“ஆமாங்கறேனே.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மச்சான் மேல் அவருக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடலாம் என்று சீக்கிரமே கூடினோம். அண்ணன் வாயில் ஒரு பெப்பர்மிண்டைப் போட்டுக்கொண்டு உதட்டை இறுக்கினான். ஊசி போடும்போது அழக் கூடாது என்று சொல்லி வைத்த குழந்தைபோல உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கும் அது எளிதாக இல்லை என்று தெரிந்தது.

பேண்டில் ஒரு பாட்டு உண்டு. அதன் கடைசி வரியை டாக்டர் இஷ்டத்துக்கு இழுப்பார். இழுத்து, சட்டென்று எல்லோரும் நிறுத்துவார்கள். ஒரு வெறுமை. பிறகு தாளத்தோடு ஒன்றாகப் பாட்டுக்குள் விழுவார்கள். அந்த இடத்துக்காகவே அந்தப் பாட்டைக் கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். போன ஞாயிறு அது அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. இன்றைக்கு டாக்டர் இழுத்தார், நிறுத்தினார், அந்த வெறுமையின் நட்டநடுவில் மரப்பெட்டி ‘டொம்’ என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி வாசித்தார்கள். இந்தத் தடவை டாக்டர் முடிப்பதற்குள்ளேயே டொம். அதற்கடுத்த தடவை அவர்கள் மூவரும் உள்ளே விழுந்தார்கள், பெட்டி வரவே இல்லை. என் வீட்டுக்காரர் கை தூக்கியபடி, மற்றவர்கள் தெருவைக் கடந்துவிட்டபின் இந்தப் பக்கம் நிற்கிற ஆள்போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பொறுமையை இழந்தார். “டேய், மச்சானுக்காக என்னைப் பழி வாங்கறியா? நேராச் சொல்லிட்டுப் போ!”

என் வீட்டுக்காரர் டாக்டரின் வாயைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. ‘இங்க பாத்துச் சொல்லு’ என்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசிக்கும்போது அவர் கண் கிதார்க் கம்பியிலும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. என் அண்ணன் முகத்தில் இருந்தது. இறுக்கி மூடிய அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மேடை ஏறினாலும் மச்சான் முகம் தெரிகிற மாதிரித்தான் ட்ரம்ஸைப் போடுவேன் என்று அடம்பிடிப்பார். அதையும் பாசக் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தோம்.

என் மேஜையில் ஒரு சின்ன மைக் உண்டு, அவர்களோடு பேசுவதற்கு. அதை அழுத்தி, சாதாரணக் குரலில், “ஏங்க, வீட்ல அடுப்ப அணைச்சீங்களா?” என்றேன்.

அடுப்பு என்றால் தெருமுனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவர் என் வீட்டுக்காரர். கேள்வி அவருக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. டாக்டர் திரும்பினார். கம்பளம் திரும்பினார். அண்ணன் திரும்பினான். அவர் மட்டும் பெட்டியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தார்.

“என்ன?” என்றார்.

அண்ணன் பெப்பர்மிண்டைக் கையில் துப்பிவிட்டு, “மாப்ள,” என்றான்.

அந்த வாய் திறந்ததும் என் வீட்டுக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒளித்து வைத்ததை இனி ஒளிக்க முடியாது. மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கமுக்கமாக இருப்பதில் கெட்டிக்காரர். ஆனால் அவர் அண்ணனைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், பிறகு நிமிர்ந்து டாக்டரிடம் பேசினார்.

“எனக்குக் காது போயிடுச்சு டாக்டர். முழுசா இல்ல. ஆனா போயிடுச்சு. பெருசா வாசிக்கும்போது சமாளிச்சுடுவேன், சத்தம் உடம்புல ஏறும், நெஞ்சுல இடிக்கும். ஆனா பாட்டு எங்க இருக்குன்னு தெரியாது. நீ இழுக்கறியா, முடிச்சிட்டியா, ஒண்ணும் தெரியாது. இவன் வாயப் பாப்பேன். இவன் ஒரு சொல்லு விடமாட்டான். இவன் வாய் மூடினா நீ நிறுத்திட்ட, தொறந்தா நான் அடிக்கணும். இத்தன நாளும் அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.” மூச்சு வாங்கினார். “இன்னிக்கு இவன் வாய மூடிட்டான். நீங்க மூணு பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசிக்கற மாதிரி இருக்கு. எடுக்கணும்னா என்னை எடு. இவன எடுக்காத.”

கம்பளம் கிதாரை மடியில் படுக்கவைத்தார். அண்ணன் கையில் பெப்பர்மிண்ட் பிசுபிசுத்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன். வீட்டில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிய பேச்செல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நினைக்கவே முடியவில்லை.

அவர் என் உதட்டைப் படித்துவிட்டு, “காதுதானே உன் தொழிலு,” என்றார். “வெக்கமா இருந்துச்சு.”

டாக்டர் ஒரு கம்பளச் சுருளின் மேல் உட்கார்ந்தார். உடனே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். “ஒரு யோசனை,” என்றார். “சத்தமில்லாம வாயை மட்டும் அசைக்கட்டும். இவனுக்கும் தெரியும், மைக்குக்கும் கேக்காது.” எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வாசித்துப் பார்த்தார்கள். அண்ணன் வாயசைத்தான். பாவம், மீன்தொட்டி மீன்தான். டொம் இந்த முறை ஓர் இமைப்பு தாமதமாக விழுந்தது. இன்னொரு தடவையும் அதே தாமதம்.

“யோசிச்சு யோசிச்சு அசைக்கறான்,” என்றார் என் வீட்டுக்காரர். “பாடினா யோசிக்கமாட்டான்.”

அண்ணன் காது சிவந்தது. “ஆமா மாப்ள,” என்றான்.

டாக்டர் அண்ணன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தை. “நாள் பூரா வாயத்தான் பாக்கறேன்,” என்றார் மெதுவாக. “அடுத்தவன் வாயப் பாத்துத்தான் என் வீட்ல அடுப்பு எரியுது. இதப் பாக்கல பாருங்க.” எழுந்து தொண்டையைக் கனைத்தார். “விலகறேன்னு சொன்னியாமே? நீ போயிட்டா மாப்ளைக்கு வாய் யாரு குடுப்பா? நானா? உட்காரு. பாடு. என்னவிட சத்தமாப் பாடாத, அவ்வளவுதான் கேக்கறேன்.”

“சரி டாக்டர்,” என்றான் அண்ணன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் மீதி எனக்குத் தெரியவில்லை.

பாடு என்று சொன்னதும் அவனுக்கு வெட்கத்தில் பாட்டே வரவில்லை என்பது வேறு கதை. அன்று ஆட்கள் வந்து உட்கார்ந்து, இரண்டு பாட்டு தள்ளாடி, மூன்றாவதில்தான் தன்னை மறந்தான். நான் பதிவை நிறுத்திவிட்டேன். ஆல்பத்துக்கு முதல் ஞாயிறே போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாமல், ஒருத்தன் பாட, ஒருத்தர் அதைப் பார்க்க, ஒருத்தர் தன் குரலில் மயங்க, எல்லோரும் அவரவர் ரகசியத்தோடு நிம்மதியாக வாசித்த கச்சேரி அது. இனிமேல் கேட்டாலும் அப்படி வாசிக்க வராது.

எல்லாச் சத்தத்தையும் கலந்து சேர்க்கும் மிக்ஸிங்கில் மூன்றாவது மைக்கை நான் ஒளிக்கவில்லை. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, “கொஞ்சம் கம்மி பண்ணலாம்லம்மா,” என்பார். கொஞ்சம் கம்மி பண்ணுவேன். அவர் கிளினிக்குக்குப் போனதும் பழைய இடத்துக்கே ஏற்றிவைப்பேன். கடைசியில் அவரே கண்டுபிடித்துவிட்டார். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

நடுவில் என் வீட்டுக்காரரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று அடம், போன பிறகு உள்ளே நுழையமாட்டேன் என்று அடம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற இரண்டு சின்ன மிஷின்கள் கிடைத்தன. முதல் நாள் எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டார். பாத்திரம் வைக்கிற சத்தம், தன் சட்டை உரசுகிற சத்தம், என் பேச்சு. “இவ்வளவா பேசுவ?” என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

ஆல்பம் தயாரானதும் எல்லோரையும் பின்னறைக்குக் கூப்பிட்டேன். இடம் போதாமல் கம்பளம் தரையில் உட்கார்ந்தார், தரையைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கதவோரம், தேவைப்பட்டால் ஓடிவிட வசதியாக. என் வீட்டுக்காரர் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, காதிலிருந்த மிஷினை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

ஓடவிட்டேன். டாக்டர் பாடினார். அடியில் அண்ணன் சேர்ந்துகொண்டான்.

என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்தார். ஒரு வரி, இரண்டு வரி கேட்டார். அண்ணன் பக்கம் திரும்பினார். அவன் வாயை எத்தனை மேடையில் பார்த்திருக்கிறார், அதிலிருந்து வருவதை ட்ரம்ஸ் இரைச்சல் குறுக்கிடாமல் முதல்முதலாக இப்போதுதான் கேட்கிறார்.

“மச்சான்,” என்றார். “நீ பாடுவன்னு எனக்குத்தான்டா மொதல்லயே தெரியும். இவ்வளவு கேவலமாப் பாடுவன்னு இன்னிக்குத்தான் தெரியும்.”

கம்பளம் தரையில் சாய்ந்துவிட்டார். டாக்டர், “நான் அன்னிக்கே மைக்கத் தூக்கினேனே!” என்று கத்தினார். சிரித்துச் சிரித்து என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கையால் துடைத்தபடி, “மொதல்லேருந்து போடு,” என்றார் என்னிடம். “அவனக் கொஞ்சம் ஏத்தி வெச்சுப் போடு.”

மறுபடி போட்டேன். அண்ணனுக்குத் தன் குரலைத் தாங்க முடியவில்லை. கதவோரத்தில் நின்றுகொண்டு, காது சிவக்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டான். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“மூடாத,” என்றார். “மிஷின் அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ வாயத் தொற.”